பிஸ்டலுக்கு மேற்பூச்சும் மாற்றுக் குழலும்: கைவைக்கும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

மழைக்காலம் கழிந்து தை பிறந்த பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்து, ஐயா காலத்திலிருந்து உரிமத்தோடு வீட்டில் இருக்கும் பிஸ்டலை எடுத்துப் பார்க்கும்போது, ஸ்லைடின் (மேலே முன்னும் பின்னும் ஓடும் எஃகுப் பாகத்தின்) மேல் செம்பழுப்புப் புள்ளிகள் படர்ந்திருப்பதைச் செட்டிநாட்டில் சில குடும்பங்களாவது கண்டிருக்கும். குரோம் முலாம் பூசிவிட்டால் தொல்லை ஒழியும் என்றுதான் உடனே தோன்றும். குழலின் உட்புறமும் அரித்திருந்தால், அந்த வேலையோடு குழலையும் மாற்றிவிடலாம் என்று மனம் போகும். இரண்டும் செய்யத் தக்கவையே. ஆனால் இரண்டையும் ஒரே மூச்சில், அளவு பார்க்காமல், எல்லாப் பாகத்துக்கும் பூசிக் கொடுங்கள் என்று சொல்லிச் செய்தால், பல பதிற்றாண்டுகள் ஓடிய பிஸ்டல் அடுத்த மேகசினிலேயே, அதாவது தோட்டா நிரப்பும் பெட்டி ஒன்று தீர்வதற்குள்ளேயே, நின்றுவிடக்கூடும். எங்கள் குடும்பத்துப் பிஸ்டல் அப்படித்தான் நின்றது. அதைத் திரும்ப ஓடவைக்க எனக்கு ஓராண்டு பிடித்தது.

நான் காரைக்குடியில் முப்பது ஆண்டுகளாக முலாம் பூசும் பட்டறை நடத்துகிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், ஊரார் வாயில் ‘சிக்ரி’, எங்கள் ஊரில்தான் இருக்கிறது. துருவும் முலாமும் அங்கே ஆராய்ச்சிப் பொருள்கள். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அங்கே பயிற்சி பெற்றவர். ஆகவே பூச்சின் பக்கத்திலிருந்தே இந்தப் பொருளை விளக்குகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் அதற்கென உரிமம் பெற்றவர்கள் மட்டுமே செய்யத்தக்க வேலைகள். பட்டறை என்னுடையதுதான், தொட்டியும் என்னுடையதுதான். ஆனாலும் என் பிஸ்டலை என் தொட்டியில் முக்க எனக்கு உரிமை இல்லை. குழல் போன்ற பாகங்களும் சட்டத்தின் பார்வையில் ஆயுதமே என்பதால், மாற்றுக் குழலைத் தனியாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது. 8-ஆம் பிரிவு, துப்பாக்கியில் உள்ள எண்ணையும் அடையாளக் குறியையும் அழிப்பதைக் குற்றமாக்குகிறது. பூச்சுக்கு முன் பஃபிங் சக்கரத்தில் சற்று அழுத்திப் பிடித்தாலே பழைய எண் மழுங்கிவிடும். வேண்டுமென்று அழிக்கவில்லை என்று பிறகு விளக்கிக்கொண்டு நிற்பதைவிட, ஒப்படைக்கும் முன்பே எண்களை வெளிச்சத்தில் படமெடுத்து, அந்த இடத்தை மூடி வைத்து வேலை செய்யும்படி எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இந்த வழிகாட்டி, உரிமம் பெற்ற பட்டறைக்குச் செல்லும் உரிமையாளர் என்ன கேட்க வேண்டும், திரும்பி வந்ததும் எதைச் சோதிக்க வேண்டும் என்பதற்கானது.

பூச்சு இடத்தை எடுத்துக்கொள்ளும்

நம் பக்கத்து வீடுகளில் பர்மாத் தேக்குக் கதவுக்குக் கல்யாணத்துக்குக் கல்யாணம் வார்னிஷ் அடிப்பார்கள். நாலாவது கல்யாணத்தில் கதவு நிலையில் உராய்ந்து மூடாது. கதவும் வளர்ந்திருக்காது, நிலையும் சுருங்கியிருக்காது. இடையில் இருந்த காற்றுவெளியைப் பூச்சு தின்றிருக்கும். பிஸ்டலிலும் இதுவே நடக்கிறது. அங்கே இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான் என்பதால், நாலு கல்யாணம் வரை காத்திருக்கத் தேவையில்லை.

கணக்கு எளிது. ஒரு துளைக்குள் ஒரு தண்டு ஓடுகிறது என்று கொள்வோம். தண்டின் மேல் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) பூசினால் அதன் விட்டம் 20 மைக்ரான் கூடும். துளைக்குள்ளும் 10 மைக்ரான் பூசினால் துளையின் விட்டம் 20 மைக்ரான் குறையும். ஆக, இடைவெளியில் போவது 40 மைக்ரான், அதாவது பூச்சின் தடிமனைப் போல் நான்கு மடங்கு. பிடியோடு கூடிய அடிச்சட்டமான ஃபிரேமில் உள்ள தண்டவாளம் போன்ற விளிம்பும் ஸ்லைடில் உள்ள பள்ளமும் சேரும் இடத்திலும் இதே கணக்குத்தான். பட்டறைக்காரர் ‘பத்து மைக்ரான்தானே’ என்றால் மனத்துக்குள் நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிஸ்டல் ஓடும் விதத்தைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் சாதாரண உரிமத்தில் கிடைக்கும் பிஸ்டல்களில் பெரும்பாலானவை .32 அளவு, பழைய பிரௌனிங், வால்தர் வகைகளும், நம் ஆயுதத் தொழிற்சாலையின் அஷானியும் இதில் அடங்கும். இந்தத் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 4.6 கிராம் எடையும், நொடிக்குச் சுமார் 275 மீட்டர் வேகமும் உடையது. இவ்வகைப் பிஸ்டல்களில் ஸ்லைடைக் குழலோடு பூட்டும் அமைப்பு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விசையும் மட்டுமே வெடிப்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. வெடித்த வேகத்தில் ஸ்லைடு பின்னே ஓடி, வெற்றுக் கூட்டை இழுத்து வெளியே எறிந்து, ஸ்பிரிங்கை அமுக்குகிறது. பிறகு ஸ்பிரிங்கில் சேர்ந்த அந்தச் சிறு விசையை மட்டும் வைத்துக்கொண்டு முன்னே வந்து, மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உரித்தெடுத்து, சரிவில் ஏற்றி, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையான சேம்பருக்குள் தள்ளி மூட வேண்டும். பின்னோக்கிய ஓட்டத்தில் வெடிமருந்தின் வலு இருக்கிறது. முன்னோக்கிய ஓட்டத்தில் ஸ்பிரிங் மட்டுமே. உராய்வு கூடும்போது முதலில் அடிபடுவது இந்த முன்னோட்டம்தான். பூச்சுக்குப் பின் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, ஸ்லைடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மூடாமல் நிற்பதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

எந்தப் பூச்சு, எவ்வளவு தடிமன்

ப்ளூயிங் எனப்படும் நீலக்கருப்புப் பூச்சு, இரும்பின் மேற்பரப்பையே கருப்பு ஆக்ஸைடாக மாற்றுவது. அது கணக்கில் வரும் அளவுக்குத் தடிமன் கூட்டாது. அளவு மாறாமல் இருக்க வேண்டும் என்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. ஆனால் துருவைத் தடுக்கும் ஆற்றல் குறைவு, எண்ணெயின் துணையின்றி நிற்காது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து 140 பாகை செல்சியஸ் அளவில் கொதிக்கும் தொட்டியில் செய்யும் ப்ளூயிங், அலுமினியத்தை அரித்துவிடும், ஈயப்பற்றையும் தாக்கும். ஆகவே அலுமினிய ஃபிரேம் உள்ள பிஸ்டலை முழுதாக அதில் இறக்கக் கூடாது.

பாஸ்பேட் பூச்சு சில மைக்ரான் தடிமன் உள்ளது. நுண்துளைகள் நிறைந்தது என்பதால் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பார்க்க மங்கலாக இருந்தாலும், நம்மூர் ஈரத்துக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது இதுதான்.

ஹார்டு குரோம் என் தொழில். நன்றாகச் செய்தால் அதற்கு இணை இல்லை. கடினமும் வழவழப்பும் துருத் தடுப்பும் ஒருங்கே கிடைக்கும். ஆனால் அதன் குணம் ஒன்றை உரிமையாளர் அறிந்திருக்க வேண்டும். மின்னோட்டம் முனைகளிலும் விளிம்புகளிலும் குவியும். ஆகவே குரோமும் அங்கேதான் தடித்துப் படியும். தட்டையான பரப்பில் 8 மைக்ரான் இருக்கும் அதே வேளையில், கூரிய விளிம்பில் அதைவிட மிகுதியாக ஏறியிருக்கும். ஆழமான துளைக்குள்ளோ, தனியாக உள்மின்வாய் வைக்காவிட்டால், ஒன்றுமே படிந்திருக்காது. பிஸ்டல் என்பது முழுக்க முழுக்க விளிம்புகளால் ஆன பொருள். வெற்றுக் கூட்டை இழுக்கும் கொக்கியின் நுனி, மேகசின் உதடு, சேம்பரின் வாய் ஆகிய நுட்பமான இடங்களிலேயே குரோம் அளவு மீறிச் சேரும். மின்சாரமின்றி வேதிவினையால் படியும் நிக்கலுக்கு இந்தக் குறை இல்லை. மூலைமுடுக்கெல்லாம் ஒரே சீராகப் படியும். அதைக் கடினமாக்க 400 பாகை வரை சூடேற்றும் வழக்கம் மட்டும் ஆபத்தானது. பதம் ஏற்றிய பழைய எஃகுப் பாகங்கள் அந்தச் சூட்டில் இளகிவிடும்.

செராகோட் போன்ற பீங்கான் கலந்த வண்ணப்பூச்சுகள் இப்போது பரவி வருகின்றன. துருவைத் தடுப்பதில் அவை சிறந்தவை. ஆனால் தடிமன் 25 மைக்ரான் அளவுக்கு வரும். நான்கு மடங்கு என்றால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இவற்றை வெளிப்பரப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தண்டவாளப் பள்ளங்களையும் குழல் ஓடும் துளையையும் மூடிவிட்டுப் பூசச் சொல்ல வேண்டும். பூசுவதற்கு முன் மணல் வீச்சில் பரப்பைச் சொரசொரப்பாக்குவார்கள். அந்தத் துகள், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் துளைக்குள் தங்கிவிட்டால், பின்னாளில் தோட்டாவின் மேல் அடி வலுவின்றி விழும்.

நைட்ரைடிங் என்பதைப் பலர் பூச்சு என்று எண்ணுகிறார்கள். அது எஃகின் தோலுக்குள் நைட்ரஜனையும் கார்பனையும் ஊடுருவச் செய்யும் வெப்ப முறை. ஆஸ்திரியாவின் கிளாக் நிறுவனம் தன் பிஸ்டல்களுக்குக் கையாண்டு பெயர் பெற்றது இந்த வழியே. தடிமன் ஏறக்குறைய ஏறாது, தேய்மானமும் மிகக் குறைவு. ஆனால் 500 பாகைக்கு மேற்பட்ட சூடு தேவைப்படுவதால், என்ன எஃகு, என்ன பதம் என்று தெரியாத நூறாண்டுப் பழைய ஸ்லைடை அதில் இறக்குவது தகாது.

பூசக் கூடாத இடங்கள்

ஸ்பிரிங்குகள், எக்ஸ்ட்ராக்டர் எனப்படும் கொக்கி, ஃபயரிங் பின், டிரிகரோடு சேர்ந்து சுத்தியலைப் பிடித்து விடும் சியர் முனைகள், குழலின் உட்புறம், சேம்பர் ஆகிய இவற்றுக்கு எந்த முலாமும் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது பட்டறையில் நிற்காது.

குழலின் உட்புறத்துக்குக் குரோம் பூசும் முறை தொழிற்சாலைகளில் உண்டு. அங்கே பூச்சின் தடிமனுக்கு இடம்விட்டு முன்கூட்டியே பெரிதாகத் துளையிடுகிறார்கள். ஏற்கெனவே அளவாக இருக்கும் குழலுக்குள் பூசினால் துளை சுருங்கி அழுத்தம் ஏறும். குண்டைச் சுழலவைக்கும் சுழல்வரிகளின் விளிம்பில் குரோம் குவிந்து குண்டின் போக்கும் கெடும்.

கொக்கிக்கும் ஸ்பிரிங்குக்கும் வேறொரு காரணம். அமிலத்தில் கழுவும்போதும் முலாம் ஏறும்போதும் உண்டாகும் ஹைட்ரஜன், கடினமான எஃகுக்குள் புகுந்து அதை உடையும் பொருளாக்கிவிடும். முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 200 பாகை அடுப்பில் பல மணி நேரம் வைத்து அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். அடுப்பில் வைத்தீர்களா, எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற பட்டறையில் பிஸ்டலை ஒப்படைக்காதீர்கள்.

எங்கள் பிஸ்டலுக்கு நேர்ந்தது

அது பெல்ஜியத்தில் செய்த, பிரௌனிங் 1910 வடிவப் பிஸ்டல். அதில் குழல் ஃபிரேமோடு அசையாமல் நிற்கும். ஸ்லைடை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் குழலைச் சுற்றியே இருக்கும். முன்னால் உள்ள மூக்கு வளையத்துக்குள் குழலின் நுனி நுழைந்திருக்க, ஸ்லைடு அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும். அப்பச்சி காலமான பின் உரிமத்தை என் பெயருக்கு மாற்றி முடித்து, வெளியூரில் உரிமம் பெற்ற ஒரு பட்டறையில் புதுக் குழல் பொருத்தவும் ஹார்டு குரோம் பூசவும் ஒரே சமயத்தில் கொடுத்தேன். உரிமம் பெற்ற இடம் என்ற நம்பிக்கையில், என் தொழில் சார்ந்த கேள்விகளைக்கூட நான் கேட்கவில்லை. வெள்ளிபோல் மின்னித் திரும்பி வந்தது. பயிற்சிக் களத்தில் முதல் இரண்டு மேகசின் பழுதின்றி ஓடின. மூன்றாவதில் ஸ்லைடு இரண்டு மில்லிமீட்டர் மூடாமல் நின்றது; கட்டைவிரலால் தள்ளினால் மூடிக்கொண்டது. ஆறாவது மேகசினில், வெற்றுக் கூடு சேம்பருக்குள்ளேயே தங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால் கொக்கியின் நுனி ஒடிந்து போயிருந்தது. ஒடிந்த முகம் சர்க்கரையை உடைத்தாற்போல் பொடிப்பொடியாக மின்னியது. முலாம் தொழிலில் இருப்பவனுக்கு அந்த மின்னல் எதைச் சொல்கிறது என்று விளக்கத் தேவையில்லை. அடுப்பில் வைக்கவில்லை.

கொக்கியின் கதை அங்கே தெளிவாகிவிட்டது. மூடாமல் நின்றதற்குக் காரணம் காண்பதுதான் பெரும்பாடாயிற்று. குழலும் புதிது, பூச்சும் புதிது என்பதால் எதன்மேல் பழி போடுவது என்று தெரியவில்லை. இறுதியில் வேறொரு உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளர் முன்னிலையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தோம். மூக்கு வளையத்தின் குரோமைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் முனை மாற்றி மின்னோட்டம் விட்டு உரித்த பின், முந்தைய அளவு கிடைத்தது. பூசாத நிலையில் குழலுக்கும் வளையத்துக்கும் இடையே 60 மைக்ரான் இருந்திருக்கிறது. இரண்டிலும் 12 மைக்ரான் வீதம் ஏற்றியதால் 48 போய் 12 மீந்தது. அந்த இடத்தில் குழலின் விட்டம் சுமார் 12 மில்லிமீட்டர். இரண்டு மேகசின் சுட்டபின் குழல் 60 பாகை சூடேறியது என்று வைத்தால், எஃகு விரியும் கணக்கில் 9 மைக்ரான் பருத்திருக்கும். மிச்சம் மூன்று மைக்ரான். அதை நிரப்பக் கரிப்புகை போதும். முதல் இரண்டு மேகசின் ஏன் ஓடின, மூன்றாவது ஏன் நின்றது என்பதற்கு இவ்வளவு துல்லியமாக விடை கிடைத்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. குழல்மேல் குற்றம் ஒன்றுமில்லை. பூச்சை ஒருமுறையும் குழலை ஒருமுறையும் தனித்தனியே செய்து, இடையில் ஐம்பது தோட்டா சுட்டுப் பார்த்திருந்தால், ஓராண்டு வேலை ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

குழலை மாற்றுவது எப்போது, எப்படி

பெரும்பாலான வீட்டுப் பிஸ்டல்களின் குழல் சுட்டுத் தேய்ந்ததே கிடையாது. அவற்றைக் கெடுத்தது அரிப்பு. பழைய தோட்டாக்களின் பின்புறத்தில், ஊசி அடித்ததும் தீப்பற்றும் பிரைமரில் இருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் உப்பாகக் குழலுக்குள் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து எஃகைத் தின்றது. சுழல்வரிகளில் சிறு குழிகள் இருந்தாலும் குண்டு ஒழுங்காகச் சென்றால், அந்தக் குழலை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. மாற்றியே தீர வேண்டிய நிலைகள் வேறு. வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்கையில் உள்ளே ஒரு கரிய வளையம் தெரிந்தால், முன்பு எப்போதோ குண்டு உள்ளே தங்கி, பின்னால் வந்த குண்டு மோதிக் குழல் வீங்கியிருக்கிறது என்று பொருள். சேம்பரில் குழிகள் விழுந்திருந்தால், வெடிக்கும்போது பித்தளைக் கூடு அவற்றுக்குள் பிதுங்கிக்கொண்டு வெளியே வர மறுக்கும். இலக்குத் தாளில் வட்டத் துளைக்குப் பதில் நீளவாட்டுத் துளை விழுந்தால், குண்டு சுழலாமல் புரண்டு போகிறது. வெடிப்புக் கீறல் இருந்தால் அன்றோடு அந்தக் குழலைச் சுடுவதை நிறுத்திவிட வேண்டும்.

மாற்றுவதில் உள்ள உழைப்பு பிஸ்டலின் அமைப்பைப் பொறுத்தது. 1910 வடிவத்தில் குழலைத் திருகிக் கழற்றிவிடலாம். வால்தர் பிபி வகையில் குழல் ஃபிரேமுக்குள் அழுத்திச் செருகி ஊசியிட்டு நிறுத்தியிருக்கும். அதை எடுக்க அழுத்தப் பொறியும் தாங்கு சட்டமும் வேண்டும், சுத்தியலால் தட்டி எடுக்க முயன்றால் ஃபிரேம் வளையும். குழலே அசைந்து பூட்டும் 1911 போன்ற பெரிய பிஸ்டல்களில், குழலின் பின்முனையும் பூட்டுப் பற்களும் ஸ்லைடோடு அரம்போட்டுப் பொருத்தப்பட வேண்டியவை. அப்படியே போட்டுக்கொள்ளலாம் என்று விற்கப்படும் குழலும் எல்லாப் பிஸ்டலிலும் அப்படியே உட்கார்வதில்லை.

புதுக் குழலில் நம்பகத்தைக் கெடுப்பவை மூன்று. முதலாவது இறுக்கமான சேம்பர். போட்டிக்கென்று செய்யப்படும் குழல்கள் துல்லியத்துக்காகச் சேம்பரை இறுக்கி வைத்திருக்கும். இலக்குத் தாளில் குண்டுத் துளைகள் நெருங்கி விழும், ஆனால் சற்றே பருத்த தோட்டாவோ சிறிது கரியோ வந்தால் மூடாது. தற்காப்புக்காக உரிமம் பெற்றவருக்கு அந்தத் துல்லியம் தேவையற்றது என்பதே என் கருத்து. இரண்டாவது, தோட்டா ஏறும் சரிவு. பழைய குழலின் சரிவு உங்கள் மேகசின் தோட்டாவை நீட்டும் உயரத்துக்கு ஏற்றபடி அமைந்திருந்தது. புதியதில் கோணம் சற்று மாறினாலும் தோட்டாவின் மூக்கு முட்டும். மார்க்கர் பேனாவால் சரிவைக் கருப்பாக்கி, வெடிமருந்தில்லாத டம்மித் தோட்டாக்களைக் கையால் ஏற்றிப் பார்த்தால், மூக்கு எங்கே உரசுகிறது என்று மை அழிந்த இடம் காட்டிவிடும். மெருகேற்றலாம், கோணத்தை மாற்றக் கூடாது. மூன்றாவது, கொக்கி வந்து அமரும் பள்ளம் ஸ்லைடிலுள்ள கொக்கியோடு நேராக இருக்க வேண்டும்.

சேம்பரைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. குழலைப் பிஸ்டலிலிருந்து முழுதாகக் கழற்றி, சேம்பர் மேல்நோக்கி இருக்கப் பிடித்து, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் தோட்டாவை விரல் அழுத்தமின்றி உள்ளே விடுங்கள். ‘டிக்’கென்ற ஒலியோடு அது தன் எடையிலேயே உட்கார வேண்டும், விரல் நுனியால் சுற்றினால் சுற்ற வேண்டும், குழலைக் கவிழ்த்தால் தானாகக் கீழே விழ வேண்டும். .32 பிஸ்டல் தோட்டாவின் அடியில் மிகச் சிறிய விளிம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அந்த விளிம்புதான் தோட்டாவைச் சேம்பரில் நிறுத்துகிறது. அது தன் இருப்பில் முழுவதும் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆழத்தை முறைப்படி அளக்கப் பணியாளரிடம் கோ, நோ-கோ கேஜ்கள் என்னும் அளவுக் கட்டைகள் இருக்கும். அவற்றால் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

அதே சிறு விளிம்பால் இன்னொரு தொல்லையும் வரும். மேகசினில் நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் விழுந்துவிட்டால், இரண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நகராது. நீளம் குறைந்த, மூக்கில் குழியுள்ள தோட்டாக்களில் இது மிகுதி. புதுக் குழல் போட்டவுடன் இப்படி நேர்ந்தால் குழலைக் குறைசொல்லத் தோன்றும். மேகசினைத்தான் பார்க்க வேண்டும்.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

பிஸ்டல் காலியாக இருப்பதை மேகசினைக் கழற்றியும் சேம்பரைக் கண்ணால் பார்த்தும் உறுதி செய்துகொண்டு, ரீகாயில் ஸ்பிரிங்கை நீக்கி, ஸ்லைடை மட்டும் ஃபிரேமின் மேல் ஏற்றுங்கள். பிஸ்டலை முன்னும் பின்னும் சாய்த்தால் ஸ்லைடு தன் எடையிலேயே வழுக்கி ஓட வேண்டும். எங்காவது தயங்கினால் அந்த இடத்தில் பூச்சு தடித்திருக்கிறது. பிறகு ஸ்பிரிங்கைப் போட்டு, ஸ்லைடைக் கையால் பிடித்தபடி மெல்ல முன்னே விடுங்கள். கடைசி ஐந்து மில்லிமீட்டரை அது தானாகவே மூடிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு சோதனையும் காசில்லாதவை, வீட்டு முகப்பில் உட்கார்ந்தே செய்யலாம். ஆத்தங்குடித் தரைமேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டால், தெறிக்கும் ஸ்பிரிங் அந்தப் பூவேலையில் தொலைந்து போகாது.

சுட்டுச் சோதிப்பதை உரிமம் பெற்ற களத்தில் மட்டுமே செய்ய வேண்டும். முதலில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா, பிறகு இரண்டு, அதன் பிறகே முழு மேகசின். சியர் முனையில் தவறிப்போய்ப் பூச்சு ஏறியிருந்தால் ஒரே அழுத்தலில் இரண்டு தோட்டா வெடிக்கும் அபாயம் உண்டு. இரண்டோடு நிறுத்தும் அந்தப் படியில் அது தெரிந்துவிடும். ஒவ்வொரு மேகசினையும் எண்ணிட்டு, எதில் எந்தத் தோட்டாவில் நின்றது என்று குறித்து வையுங்கள். கோளாறு ஒரே மேகசினில் மட்டும் வந்தால் குழலும் பூச்சும் குற்றமற்றவை. உரிமத்தில் குறித்த தோட்டா எண்ணிக்கை பலருக்குக் குறைவாக இருப்பதால் இருநூறு சுட்டுப் பார்க்க எல்லாராலும் முடியாது. நூறாவது தடையின்றி ஓடும்வரை நான் ஒரு பிஸ்டலை நம்புவதில்லை. சூடேறிய பின்புதான் எங்கள் பிஸ்டல் நின்றது என்பதால், அந்த நூறையும் நாலு நாள் பிரித்துச் சுடாமல், ஒரு நாளிலாவது ஐந்து மேகசினைத் தொடர்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஸ்லைடு மூடாமல் நின்றால், குழலைக் கழற்றித் தோட்டாவை விட்டுப் பாருங்கள். அங்கே சரியாக விழுந்தால் காரணம் உராய்வு, விழாவிட்டால் சேம்பர். வெற்றுக் கூடு, ஸ்லைடில் அது வெளியேறும் வாசலில் நெட்டுக்குத்தாகச் சிக்கினால், ஸ்லைடு முழுத்தூரம் பின்னே போகவில்லை அல்லது கொக்கியின் பிடி தளர்ந்திருக்கிறது. பிரைமரில் மங்கலான தடம் மட்டும் விழுந்து வெடிக்காவிட்டால், ஃபயரிங் பின் துளைக்குள் பூச்சோ மணலோ கெட்டியான எண்ணெயோ இருக்கிறது. அப்படி வெடிக்காத தோட்டாவைக் களத்தில் அரை நிமிடம் இலக்கை நோக்கிப் பிடித்திருந்த பிறகே வெளியே எடுக்க வேண்டும். வெடித்த ஒலி வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால், குண்டு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். அடுத்ததைச் சுடாமல், கழற்றிக் குழலின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

பாகம் ஒன்று பழுதானால் பெரிய விளையாட்டு வீரரும் தடுமாறுவார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, விலைமதிப்பில்லாத நிமிடங்கள் கரைந்தன; 575 புள்ளியோடு 12-ஆம் இடத்தில் நின்று இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். அது பூச்சாலோ குழலாலோ வந்த பழுதன்று. எனினும் நாள்தோறும் பயிற்சி செய்யும் கையிலுள்ள கருவிக்கே அப்படி நேரும் என்றால், ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியிலிருந்து வெளிவரும் கருவியைப் பற்றி நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்.

எண்ணெயும் இருப்பும்

பூச்சு மாறினால் எண்ணெய்ப் பழக்கமும் மாற வேண்டும். பாஸ்பேட் எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். குரோமின் மேல் எண்ணெய் தங்காமல் வடிந்துவிடும் என்பதால், தண்டவாளங்களில் மெல்லிய கிரீஸ் தடவுவது பொருந்தும். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. எங்கள் வீட்டிலும் இருந்தது. மார்கழிக் காலையில் தலைக்குத் தேய்க்க எடுத்த எண்ணெய் கிண்ணத்தில் உறைந்து கிடப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். 24 பாகைக்குக் கீழே அது உறையும். ஃபயரிங் பின் துளைக்குள்ளும் அப்படித்தான் உறையும். நாளடைவில் பிசினாகவும் மாறும். துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயை ஓரிரு துளி போட்டுத் துடைத்துவிட்டால் போதும்.

தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட அமிலமும் எஃகைத் தீண்டும். எண்ணெய்த் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு பெட்டிக்குள் வைத்து, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மாதம் ஒருமுறை எடுத்துத் துடைக்கும் வீட்டில் பூச்சே தேவைப்படாமல் போவதை நான் கண்டிருக்கிறேன். தேர்தல் சமயத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும்போது, வாங்கிய அன்றே மேகசின் உட்புறம்வரை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் பிஸ்டலில் இப்போது ஸ்லைடின் வெளிப்புறத்திலும் ஃபிரேமிலும் மட்டும் குரோம் இருக்கிறது. மூக்கு வளையமும் குழலின் நுனியும் வெறும் ப்ளூயிங். கொக்கியும் ஸ்பிரிங்குகளும் பூச்சில்லாத புதியவை. கழற்றிய பழைய குழலை நினைவுக்காக வீட்டில் வைத்துக்கொள்ள ஆத்தா ஆசைப்பட்டார்கள். அதுவும் கணக்கில் வர வேண்டிய பாகம் என்பதால், பணியாளரிடமே ஒப்படைத்து எழுத்தில் ரசீது வாங்கி, உரிமப் புத்தகத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.